மாமி வீட்டுக் குளத்தில் ஆறு தாமரை

வேதவல்லி மாமி பித்தளைச் சொம்பில் தண்ணீரோடு கொலுவை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் கிணற்றடியில் குளித்திருந்தார். புரட்டாசி மழையில் மடிப்புடவை கொடியில் சரியாகக் காயவில்லை. புடவைக் கரையிலிருந்து ஈரம் சொட்டி, சிவப்புச் சிமெண்டுத் தரையில் அவர் வந்த வழியெல்லாம் காலடி பதிந்திருந்தது. வெறுங்கால், கையில் பித்தளை, உடம்பெல்லாம் ஈரம்.

நான் வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கி, தேரடியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்ததால் மூச்சு வாங்கியது.

கொலுப்படிக்கு முன்னால் ஒரு குளம். அகலமான தகரத் தட்டில் நீலப் பெயிண்ட் அடித்து, தண்ணீர் ஊற்றி, ஆறு பிளாஸ்டிக் தாமரைகளை மிதக்க விட்டிருந்தது. ஒவ்வொரு தாமரைக்குள்ளும் ஒரு குட்டி பல்பு. பார்த்தவர்கள் எல்லாம் "அடடா" என்றார்களாம். செய்தவர் என் வீட்டுக்காரர்.

அந்தத் தண்ணீரில் கரண்ட் இருக்கலாம் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

மாமி மடியாக இருந்தார். நைவேத்தியம் முடியும் வரை அவரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அவர் மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டும். அதுவும் நான் யார்? மில்லில் வேலை பார்க்கிறவரின் பெண்டாட்டி. அந்தக் கூடத்துக்குள் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கால் வைத்திருக்கிறேன்.

மாமிக்கும் குளத்துக்கும் நடுவே நாலு எட்டு இருந்தது.

நான் பயந்தாங்கொள்ளி

அந்த நாலு எட்டைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ தைரியசாலி என்று நினைத்துவிடுவீர்கள்.

போன வாரம் எங்கள் வீட்டு பேண்டேஜ் துணித் தறியைப் பற்றி எழுதியிருந்தேன். எட்டாம் வகுப்பு நடுவில் அம்மாவுக்குக் காமாலை வந்தது. தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்க ஆள் இல்லை. "செத்த நாளைக்கு நில்லு, பொறவு போகலாம்" என்றார் அப்பா. அந்தப் 'பொறவு' வரவே இல்லை. அப்பா மீது குறை இல்லை. அவரும் மறந்துபோனார், நானும் மறந்ததுபோல இருந்துகொண்டேன்.

பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனதும் மிச்சமிருந்த மூளையெல்லாம் கவலைக்குப் போய்விட்டது. அப்பா சைக்கிளில் வெளியே போனால் வரும்வரை தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அடுப்பை அணைத்தோமா என்று கோயிலுக்குப் போகும் வழியில் பாதியில் திரும்பியிருக்கிறேன். என் தங்கை சொல்வாள்: "இவளுக்கு ஒருநா கவல இல்லாமப் போச்சுன்னா, ஏன் இல்லன்னு ஒரு கவல வந்துரும்."

கரண்ட் பயம் வந்தது தனிக் கதை. ஒரு மழைக்காலத்தில் எதிர்வீட்டு அக்கா ஈரத்துணியைக் கொடிக்கம்பியில் போட்டவர், யாரோ பிடித்துத் தள்ளியதுபோலப் பின்னால் விழுந்தார். கம்பியின் ஒரு முனையை, மின்சார வயர் இறங்கும் இரும்புக் குழாயில் கட்டியிருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஒரு வாரம் கை மரத்துக் கிடந்தது. விழும்போது அவர் சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குள் தங்கிப்போனது.

அதன்பிறகு ஈரமும் கம்பியும் சேர்ந்து இருக்கும் இடத்தில் நான் நிற்கவே மாட்டேன்.

கல்யாணமான புதிதில் ரேடியோவுக்கு பேட்டரிக் கட்டை மாற்றக்கூட முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வேன். தங்கராசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். தங்கராசு என் வீட்டுக்காரர். வாயால் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுதினால் தப்பில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒருநாள் நாலு பேட்டரிக் கட்டைகளை வரிசையாகக் கட்டி, இரண்டு வயரையும் ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டார். வயர் முனையில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது.

"விரல வையி" என்றார்.

"நான் மாட்டேன்."

"ஏட்டி, இது ஆறு வோல்ட்டு. கொசு கடிச்ச மாதிரி கூட இருக்காது. வையி."

கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். ஒன்றும் இல்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பயப்படத் தேவையில்லாத ஒரு பொருளை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்டுபிடித்திருந்தேன்.

அது பொய்யான பாடம் இல்லை. ஆனால் அதே 'ஆறு வோல்ட்டு' என்ற வார்த்தைதான் பின்னால் எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றியது.

மஞ்சள் துணி

தறி நின்றபிறகு நான் வேலைக்குப் போன இடம் ஒரு எலிமினேட்டர் பட்டறை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எலிமினேட்டர் தெரிந்திருக்காது. வீட்டுக் கரண்டை ஆறு வோல்ட்டாக இறக்கி, ரேடியோவுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் கொடுக்கும் சின்னப் பெட்டி. பேட்டரி வாங்கி மாளாத வீடுகளில் அது இருக்கும்.

பெட்டிக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர். அதற்குக் கம்பி சுற்றுவதுதான் எங்கள் வேலை. முதலில் தலைமுடி போல மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கில் சுற்று. அதன்மேல் வார்னிஷ் வாசமடிக்கும் மஞ்சள் துணி. துணிக்கு மேலே கொஞ்சம் தடித்த கம்பி, கொஞ்சம் சுற்று. அவ்வளவுதான்.

சுற்றும் மெஷினிலேயே எண்ணிக்கை ஓடும். நான் அதை நம்பாமல் வாய்க்குள் எண்ணுவேன். பக்கத்து மெஷினில் கோவிந்தம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னிடம் பேசும் தமிழிலும் நடுநடுவே ஓர் 'அம்மாயி' வந்து விழும்.

"அம்மாயி, மெசினே எண்ணுது. நீ என்னத்துக்கு வாய் வலிக்க எண்ணுத?"

"அது மறந்துருச்சுன்னா?"

"மெசினு மறந்தா ஒன்னக் கேட்டுக்கிடும், போ."

சேர்ந்த வாரமே முதலாளியிடம் கேட்டேன். "கீழ சுத்துன கம்பியும் மேல சுத்துன கம்பியும் எங்கயாச்சும் தொடுதாங்க?"

"தொடவே கூடாதும்மா. கீழ உள்ளது வீட்டுக் கரண்டு. மேல உள்ளது ரேடியோவுக்குப் போறது. தொட்டுச்சுன்னா ரேடியோவத் தொடுறவன் காலி. அதுக்குத்தான் நடுவுல துணி."

இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. மற்றவர்கள் மூன்று சுற்றுத் துணி போட்டால் நான் ஐந்து போட்டேன். நான் சுற்றியது எல்லாம் கொஞ்சம் குண்டாக இருக்கும். இரும்புத் தகடு உள்ளே நுழைய மறுக்கும். தகடு அடிக்கிறவர் உள்ளேயிருந்து கத்துவார்: "இது பேச்சி சுத்துனதுதான? புள்ளத்தாச்சி மாதிரி இருக்கு!"

ஒன்றை ஒன்று தொடாமலே கரண்ட் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. இது எப்படி என்று எனக்கு இன்றுவரை முழுசாகப் புரியவில்லை. ஆனால் புரியாமலே அதன்மீது ஒரு மரியாதை வந்துவிட்டது.

நாற்பது பல்பு

தங்கராசு மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தார். ஷிப்டு முடிந்தால் கை சும்மா இருக்காது. சீரியல் செட் கட்டுவார். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய பல்புகளை வரிசையாக ஈயத்தால் பற்றவைத்து, கலர்த்தாள் சுற்றி, சுவரில் மயில் ஓட விடுவார். மில் ஆயுதபூஜையில் அவர் செய்த மயிலைப் பார்த்துவிட்டு, ஆபீசில் டைப் அடிக்கிற ஐயங்கார் தன் வீட்டுக் கொலுவுக்கும் ஏதாவது செய்யச் சொன்னார். அவர் வீட்டம்மாதான் வேதவல்லி மாமி.

தங்கராசுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெர்மாக்கோலில் கோபுரம் அறுத்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு செண்பகத்தோப்பு வரை போய், ஓடைக் கூழாங்கல் ஒரு பை அள்ளிவந்தார். கோபுரத்தில் முப்பத்து நாலு பல்பு. வரிசை அப்படியே நீண்டு குளத்துக்குள் இறங்கி, தாமரைக்கு ஒன்றாக ஆறு.

வீட்டில் வெள்ளோட்டம் பார்த்தபோது கேட்டேன். "எத்தன பல்புங்க?"

"நாப்பது. எல்லாம் ஆறு வோல்ட்டு பல்பு."

"கொறச்சுப் போட்டா?"

"பட்டுபட்டுன்னு போயிரும். நாப்பது இருந்தாத்தான் தாங்கும்."

"ஒன்னு போனா எல்லாம் ஏன் அணையுது?"

"வரிசையில்லா? ஒருத்தன் கைய விட்டா அம்புட்டுப் பேரும் விட்ட மாதிரி."

மறுநாள் பட்டறையில் எண்ணிக்கொண்டே சுற்றும்போது வாய் தானாக வாய்ப்பாட்டுக்குத் தாவியது. நாற்பது ஆறு இருநூற்று நாற்பது. கை நின்றுவிட்டது. வீட்டுக் கரண்டே அவ்வளவுதானே!

சாயங்காலம் அவர் முகம் கழுவும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"அது ஆறு வோல்ட்டு இல்லீங்க. வீட்டுக் கரண்டு அம்புட்டும் அந்த ஒயருக்குள்ள வருது. நாப்பது பேரு பங்கு போட்டுக்கிடுதாங்க. அதான் பல்பு பொழைக்குது. அதப் போயித் தண்ணிக்குள்ள விட்டிருக்கீக."

"நீ கம்பி சுத்துதியா, கரண்டாபீசுல வேல பாக்கியா?"

"ஒரு எலிமினேட்டர் வச்சு…"

"ஏட்டி, பத்துன எடமெல்லாம் டேப்பு சுத்தியிருக்கு. இந்தா பாரு."

பிளக்கைச் செருகினார். தாமரைகள் எரிந்தன. குளத்துக்குள் நடுவிரலை முங்க விட்டார். சிரித்தார். விரலை எடுத்து என் மூக்கில் தண்ணீரைச் சுண்டினார்.

"செத்துட்டனா?"

அவர் சாகவில்லை. கண்முன்னால் நின்று சிரிக்கிறார். என் வாய்ப்பாடுதான் தப்பாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு கூட முடிக்காதவளின் கணக்குத்தானே.

பிளக்கின் இரண்டு பக்கம்

கொலுவின் முதல் நாள் என்னையும் கூட்டிப்போனார். மாமி என் கையில் வெற்றிலை பாக்கும் சுண்டலும் படாமல் போட்டு, "உங்காத்துக்காரர் கை பொன்னான கைடி" என்றார். இரண்டாம் நாள் அவர் மட்டும் போய்வந்தார். வந்து ரசத்தைப் பிசைந்துகொண்டே கதை சொன்னார். கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். பாட்டுப் போட வேண்டுமென்றால் சீரியல் செட்டை உருவிவிட்டு, அங்கே இரண்டு பிளக் செருகுகிற கட்டை ஒன்றை வைத்து இரண்டையும் செருக வேண்டும். நேற்றைய தண்ணீர் சாமி முன்னால் இருக்கக் கூடாது என்று மாமி தினமும் சொம்பால் மொண்டு குளத்துத் தண்ணீரை மாற்றுகிறார். இரண்டையும் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பட்டறையில் செய்து முடித்த பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டரை ஒரு வயரில் வைத்தார்கள், எரிந்தது. யாரோ பிளக்கை உருவி மறுபடி செருகினார்கள். அதே வயரில் வைத்தார்கள். எரியவில்லை.

"ஏண்ணே எரியல?" என்று கேட்டேன்.

தகடு அடிக்கிறவர் நிமிராமலே சொன்னார். "ரெண்டு முள்ளு பிளக்குதான பேச்சி. திருப்பிச் சொருகிட்டான். இப்ப கரண்டு அடுத்த ஒயர்ல வருது."

நான் மெஷினை நிறுத்தினேன்.

தாமரை ஆறும் வரிசையின் ஒரு முனையில் இருந்தன. பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் கரண்ட் கோபுரத்தில் ஏறி, முப்பத்து நாலு பல்பையும் தாண்டி, களைத்துப்போய்க் குளத்துக்கு வரும். எங்கள் வீட்டில் அவர் விரலை விட்டது அந்தப் பக்கம். திருப்பிச் செருகினால் அது நேராகக் குளத்தில்தான் முதலில் இறங்கும். பல்புகள் அதே மாதிரி எரியும். தாமரை அதே மாதிரி அழகாக இருக்கும். வெளியே பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. சுற்றிய டேப்போ, மூன்று நாளாகத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.

தினமும் பிளக்கை உருவுகிறார்கள். தினமும் செருகுகிறார்கள்.

அவர் காலை ஷிப்டு முடிந்து நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருப்பார். சோதிக்கிற மேஜையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பர்சில் போட்டுக்கொண்டேன். "வயித்து வலி" என்று முதலாளியிடம் சொன்னேன். அது பொய்யில்லை.

தனியாக நான் பஸ் ஏறியதே குறைவு. மழைக்கு ஜன்னல் தார்ப்பாயை எல்லாம் இறக்கிவிட்டிருந்ததால் எந்த ஊர் போகிறது என்று தெரியவில்லை. "தேரடி வந்தா சொல்லுங்க" என்று கண்டக்டரிடம் மூன்று தடவை சொன்னேன். "அக்கா, தேரு ஓடிராது. ஒக்காருங்க" என்றார்.

நாலு எட்டு

இப்போது அந்தக் கூடத்துக்கு வருகிறேன்.

டேப் ரெக்கார்டரில் நாகஸ்வரம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆக, பிளக்கை உருவிச் செருகியாகிவிட்டது. எந்தப் பக்கம் என்று தெரியாது. பிளக் பாயிண்ட் கொலுப்படிக்குப் பின்னால். நடுவில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமீ!" என்றேன். நாகஸ்வரம் என் குரலைத் தின்றுவிட்டது.

மாமி குளத்தருகே குனிந்தார். சொம்பின் விளிம்பு தண்ணீரை நோக்கி இறங்கியது. எதிர்வீட்டு அக்கா சத்தமில்லாமல் விழுந்தது கண்ணுக்குள் வந்தது. பிறகு நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் மாமியின் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அது மழைத்தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது.

சொம்பு கீழே விழுந்து உருண்டது. பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"ஐயோ, மடியா இருக்கிறவாளைப் போய்த் தொட்டுட்டாளே!" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு மாமி. "யார்டி இவ?"

கொலுப்படிக்குப் பின்னாலிருந்து தங்கராசு எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி, என்ன காரியம் பண்ணுத!"

"தண்ணில கரண்டு இருக்குங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"மில்காரர் ஆம்படையாளுக்குக் கரண்ட் சாஸ்திரம் வேற தெரியுமோ?" என்றார் அதே மாமி. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் தங்கராசுவைக் கிளப்பியது. "பொறுங்க மாமி. இவ எப்பவும் இப்படித்தான். நான் கைய விட்டே காட்டுதேன்" என்று குளத்தருகே குத்தவைத்தார். சொம்புத் தண்ணீர் கொட்டிய தரை. வெறுங்கால்.

நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். அத்தனை பேர் முன்னால். இப்போது நினைத்தாலும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"கைய விடாதீக. இத விடுங்க." பர்சிலிருந்து டெஸ்டரை எடுத்து அவர் கையில் திணித்தேன். "எரியலன்னா நான் சாகுற வரைக்கும் ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டேன்."

"எழுதிக் குடுப்பியா?" என்று முறைத்துக்கொண்டே டெஸ்டரின் முனையைத் தண்ணீரில் வைத்தார்.

எரிந்தது.

ஆரஞ்சு நிறத்தில், ஒரு உளுந்தளவு வெளிச்சம். எரியாமல் போயிருந்தால் வாழ்நாள் முழுக்க ஏச்சு வாங்கியிருப்பேன். அதையே வேண்டிக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

தங்கராசு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ப் பிளக்கை உருவினார். கோபுரமும் தாமரையும் ஒன்றாக அணைந்தன.

"நவராத்திரியும் அதுவுமா கொலு அணைஞ்சுடுத்தே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அதுவரை பேசாமலிருந்த வேதவல்லி மாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். "குத்துவிளக்கு எரியறதோன்னோ? அது போறும்."

என்னை ஒருமுறை பார்த்தார். தன் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு கிணற்றடிக்கு நடந்தார். மறுபடி குளிக்க. ராட்டினம் கிறீச்சிடும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு வாளிக்கும் எனக்கு உடம்பு குறுகியது.

பஸ்ஸில்

திரும்பும்போது தங்கராசு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாதி தூரம் வந்தபிறகு, தன் நடுவிரலை எதையோ தேடுவதுபோலப் பார்த்தார்.

"அன்னிக்கு வீட்டுல நான் திருப்பிச் சொருகியிருந்தா…"

நான் டிக்கெட்டைப் பர்சுக்குள் மடித்து வைத்தேன்.

"ஏன் அதட்டிச் சொல்லல நீ?"

"சொன்னா கேக்கவா செஞ்சீக? மூக்குல தண்ணிய சுண்டுனீக."

சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இறங்கும்போது, "ஒன் பயத்த நான் இம்புட்டு நாளும் நோய்னு நெனச்சிட்டேன்" என்றார். அது என்ன என்று இப்போது நினைக்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாள் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமே போகவில்லை. சீரியல் பல்புப் பெட்டியைத் திறக்கவும் இல்லை. இனி தொடவே மாட்டாரோ என்று எனக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. நான் பிடித்து இழுத்த காலரோடு அவர் கைவேலையும் கிழிந்துபோயிற்றோ என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஆறு பல்பு தாங்குற மாதிரி ஒரு டிரான்ஸ்பார்மர் சுத்த முடியுமா ஒன்னால?"

"எத்தன சுத்துத் துணி போடட்டும்?"

"நீ எம்புட்டுப் போடுவியோ அம்புட்டும் போடு."

முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, மத்தியான இடைவேளையில் சுற்றினேன். மெஷின் ஒரு பக்கம் எண்ண, நான் ஒரு பக்கம் எண்ண, கோவிந்தம்மாவும் சேர்ந்து எண்ணினார். மஞ்சள் துணி ஏழு சுற்று. தகடு அடிக்கிறவர் முனகினார், ஆனால் புள்ளத்தாச்சி என்று சொல்லவில்லை. மேல் கம்பிக்கும் கீழ் கம்பிக்கும் நடுவே பல்பு வைத்துச் சோதித்தோம். எரியவில்லை. எங்கும் தொடவில்லை.

மாமி வீட்டிலிருந்து செட்டைக் கழற்றி எடுத்துவந்து, தங்கராசு ஆறு தாமரைகளையும் வரிசையிலிருந்து வெட்டியெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜோடி வயர், எல்லாம் போய்ச் சேர்வது நான் சுற்றியதில். அதற்கு ஒரு மரப்பெட்டி செய்து, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்ட அதிலேயே ஒரு கொக்கியும் அடித்தார். வரிசையில் குறைந்த ஆறு பல்புக்குப் பதில் கோபுரத்திலேயே ஆறு சேர்த்தார். ஒரு தாமரையின் பல்பைக் கழற்றிப் பார்த்தோம். மற்ற ஐந்தும் எரிந்துகொண்டிருந்தன.

"இப்பதான் இது ஆறு வோல்ட்டு" என்றார்.

சரஸ்வதி பூஜை அன்று

ஒன்பதாம் நாள் இரண்டு பேரும் போனோம். வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். மாமி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ.

அவர் பாட்டுக்கு அடுப்படியில் இருந்தார். தங்கராசு குளத்தை அமைத்து, பிளக்கைச் செருகினார். நான் தண்ணீரில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. "திருப்பிச் சொருகுங்க" என்றேன். திருப்பினார். எரியவில்லை. "இன்னொரு தடவ." அவர் ஒரு வார்த்தை பேசாமல் இன்னொரு தடவை செய்தார். அதன்பிறகு நான் விரலை விட்டேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அன்று சிரித்த மாமியும் வந்திருந்தார். குளத்திலிருந்து ஓரடி தள்ளித்தான் உட்கார்ந்தார்.

வேதவல்லி மாமி சொம்போடு வந்தார். குளித்திருந்தார். புடவை அன்றும் ஈரம். குளத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"பேச்சி."

"மாமி."

"ஊத்தலாமாடி?"

"ஊத்தலாம் மாமி. ரெண்டு பக்கமும் பாத்தாச்சு. நானே கைய விட்டுப் பாத்துட்டேன்."

மாமி குனியவில்லை. சொம்பின் விளிம்பில் தண்ணீர் லேசாக ஆடியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமிக்குப் பயம். ஆறு நாளாக இந்தக் குளத்தைக் கண்டாலே பயம். அது எப்படியிருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

மாமி சொம்பை இடக்கைக்கு மாற்றினார். வலது கையை என் பக்கமாக நீட்டினார்.

"பிடிச்சுக்கோ."

"மாமி… மடி…"

"திரும்பக் குளிச்சாப் போச்சு. கிணத்துலே தண்ணி இல்லையா என்ன? நீ பிடிச்சுண்டாத்தான் நான் ஊத்துவேன்."

நான் தங்கராசுவைப் பார்த்தேன். அவர் கோபுரத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மணிக்கட்டைப் பிடித்தேன். அன்றுபோலவே சில்லென்றிருந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டு சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் விழுந்து குளம் அலைந்தது. ஆறு தாமரைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஆடின. ஒன்றுகூட அணையவில்லை.

மாமி கண்ணைத் திறந்து பார்த்தார். சொம்பு காலியான பிறகும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.